தங்கையின் மதர்போர்டு

என் தங்கையின் கணினியும் என் கணினியும் ஒரே நாளில் ஒரே கடையில் வாங்கியவை. பிராசஸர் இரண்டிலும் ஒன்றுதான். மெமரியும் ஒன்றுதான். வெளிப் பெட்டிகூட ஒரே கறுப்புப் பெட்டி. எல்லாப் பாகங்களையும் தாங்கி இணைக்கும் மதர்போர்டு மட்டும்தான் வேறு. அதுவும் அவள் கேட்டு வாங்கியதல்ல, அவளுக்குத் தானாக வந்து அமைந்தது.

நான் ஜொகூர் பாருவை அடுத்த ஸ்கூடாயில் ஒரு வரிசை வீட்டில் இருக்கிறேன். வீட்டைப் புதுப்பித்துக் கட்டும் குத்தகைக்காரர்களுக்குப் படம் செய்து கொடுப்பது என் தொழில். ஒரு குடும்பம் தன் சமையலறையை மாற்றிக் கட்ட நினைத்தால், கட்டி முடிந்த பிறகு அது எப்படி இருக்கும் என்று புகைப்படம் போலவே முன்கூட்டிக் காட்ட வேண்டும். அலமாரியின் நிறம், கல் மேடையின் பளபளப்பு, ஜன்னல் வழியாகத் தரையில் விழும் வெயில் எல்லாம் அதில் வர வேண்டும். நான் வரைந்து முடித்துப் பொத்தானை அழுத்தியதும் கணினி தானே கணக்குப் போட்டு ஒளியையும் நிழலையும் நிரப்பும். ஒரு படத்துக்கு ஒரு பானை சோறு வேகிற நேரம் ஆகும்.

தங்கை என்னைவிட மூன்று வயது இளையவள். லாயாங் லாயாங் என்ற சிற்றூரில் அப்பா அம்மாவோடு இருந்தாள். கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டிப் பாட்டுச் சேர்த்துக் கொடுப்பது அவள் வேலை. கணினி பக்கம் அவள் வந்ததே என்னைப் பார்த்துத்தான். மவுஸை எப்படிப் பிடிப்பது என்று தொடங்கி எல்லாம் நான் சொல்லிக் கொடுத்தது. இதை நான் யாரிடமும் பெருமையாகச் சொன்னதில்லை. ஆனால் யாராவது சொல்ல மாட்டார்களா என்று எதிர்பார்த்ததுண்டு.

இருவருக்கும் பழைய கணினி திணற ஆரம்பித்த சமயத்தில், சேர்ந்தே வாங்கினால் விலை குறைத்துத் தருவார்கள் என்று ஜொகூர் பாருவுக்குப் போனோம். பேரங்காடியின் மேல்மாடியில் ஒரு சின்னக் கடை. இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி வேண்டும் என்றோம். கடைக்காரர் சீன இளைஞர், மலாய் மொழியில் நன்றாகப் பேசினார். நான் அக்கா என்பதால் என்னுடையதைத்தான் முதலில் எடுத்து வைத்தார். தங்கையின் முறை வந்தபோது உள்ளே போய்த் தேடிவிட்டுக் கையை விரித்துக்கொண்டு வந்தார்.

"அந்த போர்டு ஹாபிஸ். முடிஞ்சிருச்சு. ஒண்ணுதான் இருந்திச்சு."

பிறகு தங்கையின் முகத்தைப் பார்த்தார். அவள் முகத்தைப் பார்க்கிற எவருக்கும் ஏதாவது கொடுக்கத் தோன்றும். மேல் தட்டிலிருந்து இன்னொரு பெட்டியை இறக்கினார். அதைவிட இரண்டு படி உயர்ந்த ரகம். சொன்ன விலை சொன்னதுதான், இதையே எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்.

"அலமாக், நெசமாவா?" என்று தங்கை வாயைப் பொத்திக்கொண்டாள்.

நானும் சிரித்தேன். நல்லதுதானே என்றேன். காரில் திரும்பி வரும்போது அவள் மடியில் அந்தப் பெட்டி இருந்தது. என்னுடையது பின்னால், மற்ற சாமான்களோடு கிடந்தது.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். பிராசஸர் இந்த வேகத்தில் ஓடும் என்று உறுதி சொல்லித்தான் அதை விற்கிறார்கள். சிலவற்றில் அமைப்பை மாற்றி, அதைவிட வேகமாக நாமே ஓட்டிக்கொள்ளலாம். அதற்குப் பெயர் ஓவர்க்ளாக். வேகம் கூடினால் மின்சாரம் கூடுதலாக வேண்டும், சூடும் கூடும். அந்த மின்சாரத்தைத் தடுமாறாமல் கொடுப்பது மதர்போர்டின் பொறுப்பு. நல்ல போர்டாக இருந்தால் சீராகக் கொடுக்கும். என்னுடையதைப் போன்ற மலிவான போர்டு கொஞ்ச நேரத்தில் களைத்துப் போகும் என்பார்கள்.

எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது. படம் அனுப்பிவிட்டுக் குத்தகைக்காரரின் பதிலுக்காகக் காத்திருக்கும் மதியங்களில் கொஞ்சம் கொஞ்சமாக வேகத்தை ஏற்றிப் பார்ப்பேன். கணினி உறைந்துபோகும். இறக்குவேன். மின்னழுத்தத்தைச் சற்றுத் தூக்கி மறுபடி ஏற்றுவேன். இப்படிப் பல நாள் பொறுமையாக முயன்று நாலு புள்ளி ஒன்பது கிகாஹெர்ட்ஸில் நிறுத்தினேன். மழை நாளிலும் வெயில் நாளிலும் நிலையாக ஓடியது. எனக்குள் ஒரு நிறைவு. என் கணவரிடம் சொன்னபோது, "நல்லது" என்றார். அவர் சிங்கப்பூரில் ஒரு கிடங்கில் வேலை செய்கிறார். விடியும் முன்னே மோட்டார் சைக்கிளில் எல்லைப் பாலத்தைத் தாண்ட வேண்டியவர். அவரிடமிருந்து அதற்கு மேல் எதிர்பார்க்க முடியாது. தங்கையிடம் சொன்னேன். அவளுக்குத்தான் அந்த எண்ணின் அருமை புரியும் என்று நினைத்தேன்.

அடுத்த நாள் பசியாறிக்கொண்டிருக்கும்போது கைப்பேசியில் ஒரு படம் வந்தது. அவளுடைய திரை. அதில் ஐந்து புள்ளி ஒன்று என்றிருந்தது.

உடனே கூப்பிட்டேன். "எப்படிடி பண்ண?"

"ஒரு வீடியோ பாத்தேன் கா. அவன் சொன்ன நம்பர அப்படியே போட்டேன். ஓடுது லா."

"ஹேங் ஆகலயா?"

"இல்லையே. நேத்து ஒரு கல்யாணத்த முழுசா ஓட்டிட்டேன். ஏன், உனக்கு ஆகுதா?"

"சேச்சே. சும்மா கேட்டேன்."

ஏதோ மென்றுகொண்டே பேசினாள். முறுக்காக இருக்கும். நான் கையில் இருந்த ரொட்டியைத் தட்டில் வைத்துவிட்டேன்.

இரண்டுக்கும் இருநூறு மெகாஹெர்ட்ஸ்தான் வித்தியாசம். வெளியே யாரிடம் சொன்னாலும் சிரிப்பார்கள். ஆனால் எனக்கு அந்த எண்ணோடு பழைய கணக்கெல்லாம் சேர்ந்து வந்தது. கார் ஓட்டும் பரீட்சையில் நான் இரண்டு தடவை தோற்றேன். பக்கவாட்டில் நிறுத்தும்போது கம்பு விழுந்தது. அவள் முதல் தடவையே ஜெயித்தாள். அதுவும் மழையில். கிறிஸ்துமஸுக்கு அம்மா ஒரே துணியில் இருவருக்கும் கவுன் தைத்தால், அவள் போட்டதும் அது வேறு துணியாகிவிடும். தேவாலயத்துச் சந்தையில் குலுக்கல் சீட்டு வாங்கினோம். ஒரே தாளில் அடுத்தடுத்த இரண்டு எண்கள். முதல் எண் என்னுடையது. அவள் எண்ணுக்கு மின்சாரச் சோற்றுப் பானை விழுந்தது. அதில்தான் அந்த வீட்டில் வெகுகாலம் சோறு வெந்தது. சாப்பிடும்போதெல்லாம் அம்மா, "இவ கை ராசி" என்பாள்.

அவள் எதற்கும் பிரயாசைப்பட்டவள் அல்ல. எனக்கு எரிந்ததே அதனால்தான். பாடுபட்டுப் பெற்றிருந்தால் சரி என்று விட்டிருப்பேன்.

அன்றைக்கே என் கணினியை ஐந்துக்கு ஏற்றினேன். ஒரு குத்தகைக்காரர், முதலாளி என்ற அர்த்தத்தில் எல்லாரும் தவுக்கே என்று கூப்பிடும் பெரியவர், மதியத்துக்குள் படம் வேண்டும் என்று சொல்லியிருந்தார். படம் முக்கால்வாசி நிறைந்தபோது திரை நீலமாகிக் கணினி அணைந்தது. வேகத்தை இறக்கி மறுபடி முதலிலிருந்து ஓட்டினேன். தவுக்கே இரண்டு முறை கூப்பிட்டுவிட்டார். மின்சாரம் போய்விட்டது என்று சொன்னேன்.

அதிலிருந்து எனக்கு மதர்போர்டைத் தவிர வேறு நினைப்பில்லை. பிராசஸர் ஒன்றாக இருக்கும்போது போர்டு மட்டும்தானே வேறு? என்னுடையதில் மின்சாரம் கொடுக்கும் பகுதி சின்னது, மேலே வெப்பத்தை இழுக்கும் உலோகத் தகடும் சின்னது. அவளுடையதில் எல்லாம் பெரிது. அப்படியானால் என் பிராசஸருக்கு ஓடத் தெரியாமலில்லை, அதை ஓட விடவில்லை. இந்த எண்ணம் எனக்கு மிகவும் ஆறுதலாக இருந்தது.

உள்ளூர்க் கணினிப் பிரியர்கள் கூடும் ஒரு குழு இணையத்தில் உண்டு. அதில் கேட்டேன்: சற்றே கூடுதலான வேகத்துக்காக மதர்போர்டை மாற்றலாமா? வந்த பதில்கள் எல்லாம் ஒரே மாதிரி. வேண்டாம். வேலையில் வித்தியாசமே தெரியாது. அந்தக் காசைச் சேர்த்து வைத்து அடுத்த தலைமுறைப் பிராசஸர் வாங்கு. ஒருவர் "ரூகி லா, வீண் நஷ்டம்" என்று எழுதி அழுகிற முகம் போட்டிருந்தார். இன்னொருவர், பிராசஸர்களே ஒன்றுபோல் வருவதில்லை, ஒரே ரகத்தில் ஒன்று நன்றாக ஓடும், ஒன்று ஓடாது, எல்லாம் அதிர்ஷ்டம் என்று விளக்கியிருந்தார். அதிர்ஷ்டம் என்ற சொல்லைப் பார்த்ததும் அந்தப் பதிலைத் தாண்டிப் போய்விட்டேன். கீழே ஒரே ஒருவர் மட்டும், நல்ல போர்டுக்கு மாறியபின் தனக்கு வேகம் கூடியது என்று எழுதியிருந்தார். அத்தனை பேரில் அவர் ஒருவர்தான் விஷயம் தெரிந்தவராக எனக்குப் பட்டார்.

கணவரிடம் ஞாயிற்றுக்கிழமை பேச்சை எடுத்தேன். துணி உலர்த்திக்கொண்டிருந்தவர் பொறுமையாகக் கேட்டார்.

"இப்ப இருக்கறது கெட்டுப் போச்சா?"

"கெடல. ஆனா பத்தல."

"யாருக்குப் பத்தல? தவுக்கே ஏதும் சொன்னாரா?"

"அவருக்கு என்ன தெரியும்?"

"பின்ன?" என்று ஒரு சட்டையை உதறினார். "அந்த ரூம்ல மத்தியானம் உக்கார முடியல. நீ பெட்டிய தொறந்து போட்டு காத்தாடி வெக்கற. அந்த ரூமுக்கு ஒரு ஏர்கோன் போடலாம்னு நான் எத்தன நாளா சொல்றேன்? காய்ச்சல் ரூமுக்கு, மருந்து பெட்டிக்கா?"

அவர் சொன்னதில் தவறே இல்லை. என் அறை மேற்குப் பார்த்தது. மதியத்துக்கு மேல் சுவரைத் தொட்டால் சுடும். அந்த வெயிலில் கணினி இன்னும் வேகமாக ஓடவில்லையே என்று கவலைப்படுகிற நான்தான் விசித்திரம். ஆனால் ஏர்கோன் தங்கையிடம் இல்லை. அவளிடம் இருந்தது போர்டு.

அடுத்த வாரமே போய் வாங்கிவிட்டேன். அதே கடை, அதே இளைஞர். அவள் போர்டின் அதே ரகம்.

"பழசு கெட்டுப் போச்சா?" என்று கேட்டார்.

"ஆமா" என்றேன். வேறு என்ன சொல்வது?

போர்டு மாற்றுவது பொருளை வாங்குவது போல எளிதல்ல. பெட்டிக்குள் இருக்கும் அத்தனையையும் கழற்ற வேண்டும். ஒவ்வொரு ஒயரும் எங்கிருந்து வந்தது என்று கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டேன். பிராசஸரைத் தூக்கி அதன் முதுகில் காய்ந்திருந்த பசையைத் துணியால் துடைத்தேன். புது போர்டின் குழியில் தலைமுடி போன்ற கம்பிகள் நூற்றுக்கணக்கில் இருக்கும். ஒன்று வளைந்தாலும் எல்லாம் போச்சு. மூச்சைப் பிடித்துக்கொண்டு இறக்கி வைத்தேன். வியர்வை அதில் சொட்டிவிடக் கூடாதே என்று நெற்றியில் துண்டைக் கட்டியிருந்தேன். எல்லாவற்றையும் மாட்டி, மென்பொருளையெல்லாம் சரிசெய்து முடிப்பதற்குள் ஒரு பகல் போனது. அதற்குள் தவுக்கே கூப்பிட்டார். மறுபடி மின்சாரம் போயிருந்தது.

ஐந்து புள்ளி பூஜ்யம். ஓடியது. ஒரு முழுப் படத்தையும் நிற்காமல் முடித்தது. எனக்குக் கண்ணில் நீர் முட்டியது. அடுத்து ஐந்து புள்ளி ஒன்று போட்டேன். படம் பாதியில் உறைந்தது. மின்னழுத்தத்தை ஏற்றினேன், உறைந்தது. இன்னும் ஏற்றினேன். சூடு எல்லை தாண்டிக் கணினி தன்னைத்தானே அணைத்துக்கொண்டது. இரண்டு நாள் வேறு வேலை பார்க்காமல் எல்லா வழியும் முயன்றேன். ஐந்துக்கு மேல் அது போகவில்லை.

போர்டு மாற்றியதால் கிடைத்தது நூறு மெகாஹெர்ட்ஸ். இழந்தது அதைவிடப் பெரிது. முன்பு எனக்கு ஒரு காரணம் இருந்தது. என்னிடம் நல்ல போர்டு இல்லை, அதனால் முடியவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். இப்போது அவளிடம் உள்ளதெல்லாம் என்னிடமும் இருந்தது. அப்படியும் அவள்தான் முன்னால் இருந்தாள்.

தங்கையிடம் இதைச் சொல்லவில்லை. ஆனால் அவளே வந்தாள். ஸ்கூடாயில் ஒரு நிச்சயதார்த்தத்தைப் படமெடுக்க வந்தவள், சாப்பிட்டுவிட்டுப் போகலாம் என்று வீட்டுக்கு வந்தாள். கேமரா பேட்டரியைச் சொருக இடம் தேடி என் அறைக்குள் போனாள். சூட்டுக்காகக் கணினியின் பக்கக் கதவை நான் எப்போதும் திறந்தே வைத்திருப்பேன்.

"கா, இது என்னோட போர்டு மாதிரியே இருக்கு."

நான் சமையலறையிலிருந்து ஓடினேன். அவள் குனிந்து உள்ளே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அதே மாடல்தான்" என்றேன்.

"மாத்திட்டியா? எனக்குச் சொல்லவே இல்ல? இப்ப எவ்ளோ போவுது?"

"அஞ்சு."

"அஞ்சு புள்ளி?"

"வெறும் அஞ்சு."

அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரித்திருந்தால் திட்டித் தீர்த்திருப்பேன். அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். பிறகு பேட்டரியைச் சொருகியபடி மெதுவாகச் சொன்னாள்: "அப்ப சிப்புதான் கா, அந்த பிராசஸர். ஒவ்வொரு சிப்பும் ஒவ்வொரு மாதிரி வருமாம். வேணும்னா அடுத்த வாரம் எடுத்துட்டு வா. என் பெட்டியில போட்டுப் பாத்துருவோம். தெரிஞ்சிரும்ல?"

எனக்குத் தெரிய வேண்டாம். ஆனால் வேண்டாம் என்று சொன்னால் ஏன் என்று கேட்பாள். சரி என்றேன்.

அடுத்த ஞாயிறு தேவாலயத்தில் பூசை முடிந்து லாயாங் லாயாங்குக்குப் போனோம். பிராசஸரைக் கழற்றி அதன் பழைய டப்பாவில் வைத்து, டப்பாவைத் துண்டில் சுற்றி மடியில் வைத்திருந்தேன். வழியெல்லாம் எண்ணெய்ப்பனை. குலை ஏற்றிய லாரி ஒன்று முன்னால் ஊர்ந்தது. கணவர் முந்தவில்லை. அப்பா அந்த மாதிரி லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர் என்பதால், அவற்றின் பின்னால் போகும்போது இவர் மரியாதையாகவே போவார்.

மீன் கறிச் சோறு சாப்பிட்டோம். தட்டுகளை எடுத்ததும் தங்கை தன் கணினியைச் சாப்பாட்டு மேசைக்கே தூக்கி வந்தாள். அப்பா சாய்வு நாற்காலியில் தொலைக்காட்சி பார்த்தார். கணவர் சோபாவில் கண்ணயர்ந்தார். அம்மா மட்டும் பக்கத்தில் உட்கார்ந்து, ஏதோ ஆபரேஷன் நடப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவளுடைய சிப்பை எடுத்து என்னுடையதை வைத்தோம். ஐந்து புள்ளி ஒன்று போட்டாள். உறைந்தது. ஐந்துக்கு இறக்கினாள். ஓடியது. என் வீட்டில் என்ன செய்ததோ அதையே அங்கேயும் அச்சாகச் செய்தது.

"பாத்தியா, போர்டு இல்ல" என்றாள். அவள் குரலில் வெற்றி எதுவும் இல்லை. கண்டுபிடித்துவிட்ட சந்தோஷம் மட்டும்தான்.

பிறகு மேசைமேல் கிடந்த தன் சிப்பை எடுத்து என் டப்பாவில் வைத்து மூடி, என் பக்கம் தள்ளினாள்.

"நீ இத எடுத்துட்டுப் போ கா. எனக்கு உன்னோடது போதும்."

"எதுக்கு?"

"உனக்குத்தானே வேணும்."

"எடுத்துக்கோயேன்" என்றாள் அம்மா. "அவதான் எப்பவும் விட்டுக் குடுப்பா."

எனக்குச் சுர்ரென்றது. "நான் எப்பம்மா விட்டுக் குடுக்கல?"

அம்மா மேசையைத் துடைக்கத் தொடங்கினாள். துடைத்த இடத்தையே துடைத்தாள். தங்கை ஒயர்களைச் சுருட்டினாள். வேண்டாம் என்று டப்பாவைத் திருப்பித் தள்ளியிருக்கலாம். அது ஒரு சின்ன அசைவுதான். நான் அதைக் கைப்பையில் வைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து போட்டதும் ஐந்து புள்ளி ஒன்று முதல் முயற்சியிலேயே வந்தது. எந்தத் தகராறும் இல்லை. முன்பு செய்த அதே சமையலறைப் படத்தை மறுபடி ஓட்டினேன். நாலு புள்ளி ஒன்பதில் பிடித்த நேரத்துக்கும் இதற்கும், சோற்றுப் பானையின் மூடியைத் திறந்து ஒரு பருக்கையை நசுக்கிப் பார்க்கிற நேரம்தான் வித்தியாசம். தவுக்கேக்கு அனுப்பினேன். அலமாரி நிறத்தைக் கொஞ்சம் வெளிறலாக்கு என்று பதில் வந்தது.

திரையைப் படமெடுத்துத் தங்கைக்கு அனுப்பினேன். இதயமும் கட்டைவிரலும் வந்தன. உன்னுடையது எப்படி ஓடுகிறது என்று கேட்டேன். அவள் குரல் பதிவாக அனுப்பினாள்.

"நான் ஓவர்க்ளாக்கையே எடுத்துட்டேன் கா. கடையில வந்த மாதிரியே விட்டுட்டேன். காத்தாடிச் சத்தமே இல்ல. ரூமும் சூடாவல. நல்லாருக்கு. நீயும் செஞ்சு பாரேன்."

அதைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். நான் அத்தனை நாள் ஏங்கிக் கிடந்த ஒன்றை அவள் சட்டையைக் கழற்றுவது போலக் கழற்றிப் போட்டிருந்தாள். அந்த எண் என்னிடம் வந்த அதே நாளில் அதற்கு மதிப்பில்லாமல் போனது. வேகத்தைப் பார்த்துப் பொறாமைப்பட்ட எனக்கு, இப்போது வேகமே வேண்டாமென்று அவளால் இருக்க முடிவதைப் பார்த்துப் பொறாமையாக இருந்தது. இதற்குக் கடையில் போய் எந்தப் பொருளை வாங்குவது?

கூப்பிட்டேன். "உனக்கு வேணாம்னுதான் எனக்குக் குடுத்தியா?"

"ஐயோ, அப்படி இல்ல கா."

"பின்ன?"

"உனக்கு அது எவ்ளோ வேணும்னு எனக்குத் தெரிஞ்சிச்சு. அதான்."

"எப்படித் தெரியும்?"

"சின்னப் பிள்ளையிலேர்ந்தே தெரியும் கா."

அவள் அதைக் குத்திக் காட்டவில்லை. அன்பாகத்தான் சொன்னாள். நான் அழைப்பைத் துண்டித்துவிட்டேன். குலுக்கல் சீட்டு, கவுன், கார்ப் பரீட்சை, எல்லாச் சமயத்திலும் என் முகத்தை அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். நான் நன்றாக மறைத்துவிட்டதாக நினைத்துச் சிரித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

பல வாரங்கள் நாங்கள் பேசவில்லை. அவள் நல்வாக்கியமும் பூப்படமும் அனுப்புவாள். நான் பார்த்துவிட்டு விட்டுவிடுவேன். இடையில் கணவர் தெரிந்தவரிடமிருந்து ஒரு பழைய ஏர்கோன் வாங்கி வந்து அறையில் மாட்டினார். கணினிக்கு அதனால் பெரிய லாபம் எதுவும் இல்லை. எனக்குத்தான் இருந்தது. மதியத்தில் தலைவலி வருவது நின்றது. அவர் ஒரு தடவைகூட, "நான் அப்பவே சொன்னேனே" என்று சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பதற்கு அவர் பட்ட பாடு மட்டும் முகத்தில் தெரிந்தது.

பிறகு அம்மா கூப்பிட்டுச் செய்தி சொன்னாள். சின்னவளுக்குச் சிங்கப்பூரில் வேலை கிடைத்துவிட்டது. ஏதோ விளம்பரப் படம் எடுக்கும் நிறுவனமாம், அவள் செய்த கல்யாண வீடியோ ஒன்றைப் பார்த்துவிட்டு அவர்களே தேடி வந்து கூப்பிட்டார்களாம். விண்ணப்பம்கூடப் போடவில்லை. "அவ ராசி அப்படி" என்றாள். நான் சந்தோஷம் என்றேன். அடுப்பில் ஏதோ கருகுவதாகச் சொல்லிக் கைப்பேசியை வைத்துவிட்டேன். அடுப்பைப் பற்றவைக்கவே இல்லை.

அவள் கிளம்புவதற்கு முன் போய்ப் பார்க்கவும் இல்லை. வேலை அதிகம் என்று செய்தி அனுப்பினேன். பரவாயில்லை கா என்று பதில் வந்தது.

அவள் போன பிறகுதான் லாயாங் லாயாங்குக்குப் போனேன். வீட்டுக்குள் நுழைந்தால், அவள் மேசையில் அப்பா உட்கார்ந்திருந்தார். கண்ணாடியை மூக்கு நுனியில் போட்டுக்கொண்டு மவுஸை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். திரையில் ஏதோ கால்பந்தாட்டம் ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டு அக்கா ஒருவர் கதவோரம் நின்று அம்மாவோடு பேசிக்கொண்டிருந்தார்.

"நல்ல கம்ப்யூட்டரா இருக்கே" என்றார் அவர்.

"சின்னவ அப்பாவுக்குன்னு குடுத்துட்டுப் போனது" என்றாள் அம்மா. "அங்க ஆபீஸ்லயே பெருசா குடுத்துட்டாங்களாம்."

நான் பையை இறக்கி வைத்தேன். பேசாமல் இருந்திருக்கலாம். நாற்பதை நெருங்குகிறவள், அந்தப் பக்கத்து வீட்டு அக்காவின் முன்னால் அதைச் சொல்லியிருக்கவே வேண்டாம்.

"அப்பா, இதுக்குள்ள இருக்கற பிராசஸர் என்னோடது."

அம்மா திரும்பிப் பார்த்தாள். அப்பா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பந்து கோல் பக்கம் போய்க்கொண்டிருந்தது.

"அப்படியா?" என்றார். "அதான் நல்லா ஓடுது."

பிராசஸர் என்றால் என்னவென்று அப்பாவுக்குத் தெரியாது. அது தங்கையுடையதைவிட மட்டமான சிப் என்பதும் தெரியாது. பந்து எங்கே போகிறது என்பதுதான் அவர் கவலை. ஆனாலும் எனக்கு உடம்பெல்லாம் லேசானது. உள்ளே போய் அம்மாவுக்கு வெங்காயம் நறுக்கிக் கொடுத்தேன். அம்மா என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, மீனில் பெரிய துண்டை என் தட்டில் வைத்தாள்.

திரும்பும்போது ஸ்கூடாய் நெருங்க நெருங்க வாகன நெரிசல். கார் நகரவில்லை. எதற்குச் சிரிக்கிறாய் என்று கணவர் கேட்டார். சும்மா என்றேன். அப்போது தங்கை கூப்பிட்டாள். அத்தனை வாரங்களில் முதல் தடவையாக எடுத்தேன்.

"கா! எடுத்துட்டியா?" அவள் குரல் நடுங்கியது. அவள் அழுகிறாளோ என்று ஒரு கணம் பயந்தேன். "அம்மா சொன்னாங்க, வந்திருந்தியாமே. சாப்டியா?"

"சாப்டேன். நீ எப்படி இருக்க? வேல எப்படி?"

"வேல பரவால்ல. ரூம்தான் சின்னது. யாரும் பேச மாட்டேங்கறாங்க. பகல்ல எல்லாரும் காதுல மாட்டிக்கிட்டு அவங்கவங்க ஸ்கிரீனையே பாக்கறாங்க."

அவள் தனியாக இருக்கிறாள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அடுத்த வாரம் வந்து பார்க்கிறேன் என்றேன். மீன் கறி எடுத்து வா என்றாள். சரி என்றேன். கைப்பேசியை வைக்கப் போகும் நேரத்தில், கேட்கக் கூடாது கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே கேட்டேன்.

"அந்த ஆபீஸ் கம்ப்யூட்டர், எவ்ளோ போவுது?"

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். நானும் சிரித்தேன். ஆனால் ஐந்து புள்ளி ஒன்றையும் தாண்டி அவள் சொன்ன எண்ணைக் கேட்டதும் என் சிரிப்பு நின்றுவிட்டது.